எண்பத்தொன்றாம் வருடத்துப் பெட்டி

4 செப்டம்பர் 2019, புதன்

நூலகத்தில் இன்று அனுமதி கிடைத்தது. படிவத்தில் ரெஜினா மேரி, வயது அறுபத்தேழு, புலியகுளம் என்று மளமளவென்று எழுதிவிட்டேன். 'ஆய்வு நோக்கம்' என்ற கட்டத்தில் கை நின்றது. கொஞ்சம் யோசித்து 'கோவை மில்களின் வரலாறு' என்று எழுதினேன்.

காப்பாளர் காளியண்ணன் அதைப் படித்துப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். முழுக்கை சட்டை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. எந்தக் கல்லூரி என்று விசாரித்தார். டெலிபோன் துறையில் ஓய்வு பெற்றவள், சும்மா ஓர் ஆர்வம்தான் என்றேன். மேலே கேட்கவில்லை. பையை வெளியே வைக்க வேண்டும், பேனா கூடாது, பென்சில்தான், காகிதத்தைத் தொடும்போது துணிக் கையுறை போட வேண்டும் என்று விதிகளை மட்டும் சொன்னார்.

செய்தித்தாளில் வந்ததை ஏப்ரலிலேயே வெட்டி வைத்திருந்தேன். ஃபைனான்சியர் எம். ஏ. சென்னியப்பனின் சொந்தக் காகிதங்கள், தொழில் காகிதங்கள், மொத்தம் நூற்றுப் பதினான்கு பெட்டிகளை அவருடைய மகள் கல்லூரிக்குக் கொடுத்திருக்கிறார். இந்த ஊரில் பாதி பேருந்துகளும் முக்கால்வாசி சினிமாக் கொட்டகைகளும் அவர் கொடுத்த பணத்தில் எழுந்தவை. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று போட்டிருந்தது.

அவருடைய கையெழுத்தைப் பார்க்கலாம் என்றுதான் போனேன். வேறொன்றும் இல்லை.

5 செப்டம்பர், வியாழன்

நேற்று எழுதியதைப் படித்தேன். என்னுடைய டைரியிலேயே நான் சுற்றி வளைக்கிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள்?

நான் அவரோடு இருபத்துமூன்று வருடம் இருந்தேன். இருந்தேன் என்றால் வியாழக்கிழமை மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை. எனக்கு வாராந்திர விடுமுறை அன்று. எழுபத்தாறில் தொடங்கி, அவர் இறந்த தொண்ணூற்றொன்பது வரை.

நான் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அவர் தினம் பம்பாய்க்கும் மெட்ராஸுக்கும் கால் புக் செய்வார். நான் லைன் கிடைத்ததும் அவர் வீட்டுக்கு மணி அடித்து, "பம்பாய் லைன்ல இருக்காங்க, பேசுங்க" என்பேன். நாலு வருடம் அவ்வளவுதான். ஒரு தீபாவளிக்கு எக்ஸ்சேஞ்சுக்கு இனிப்பு கொண்டுவந்தவர், எல்லோரையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டு, என் குரல் எது என்று கண்டுபிடித்தார்.

அவர் இறந்ததும் எனக்குப் பேப்பரில்தான் தெரிந்தது. முழுப் பக்கம் போட்டிருந்தார்கள். ஊர்வலம் போனபோது ரோட்டோரம் கூட்டத்தில் நின்றேன். முன்னால் ஓர் ஆள் குடை பிடித்திருந்தான். சரியாகத் தெரியவில்லை.

9 செப்டம்பர், திங்கள்

அவர் வருடாவருடம் ஒரு சின்ன டைரி வைத்திருந்தார். அன்றன்று யாரைப் பார்க்க வேண்டும், எங்கே போக வேண்டும் என்பது மட்டும் இருக்கும். முப்பத்தாறு டைரிகள். இன்று எழுபத்தாறு, எழுபத்தேழு இரண்டையும் பார்த்தேன்.

வியாழக்கிழமைகளில் எல்லாம் ஒரே வரி. '3 மணி. பல் டாக்டர்.'

சிரிப்பு வந்துவிட்டது. காளியண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார். நூலகத்தார் போட்டிருக்கும் பட்டியலில் 'உடல்நிலை' என்ற தலைப்பின் கீழ், பல ஆண்டுகள் பல் நோயால் அவதிப்பட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். அவருக்கு எழுபது வயதிலும் ஒரு பல் கூட ஆடவில்லை. கரும்பைக் கடித்துத் தின்பார்.

வீட்டுக்கு வந்து தோசை ஊற்றும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் தோசை தீய்ந்துவிட்டது.

11 செப்டம்பர், புதன்

கேஸ் வந்தது. தண்ணீர் வரவில்லை.

17 செப்டம்பர், செவ்வாய்

சொந்தக் கடிதங்கள் ஒன்பது பெட்டி. முடித்துவிட்டேன். பம்பாயிலிருந்து மனைவிக்கு எழுதியவை, ஊட்டி ஹாஸ்டலில் படித்த மகளுக்கு எழுதியவை. மகள் பெயர் பத்மினி. 'சளி பிடித்தால் மாத்திரை போடாதே, மிளகு போட்டு வெந்நீர் குடி' என்று எழுதியிருக்கிறார். எனக்கும் இதையே சொல்வார்.

என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. அவர் எனக்குக் கடிதமே எழுதியதில்லை, பேசத்தான் செய்தார். பேசியது எந்தப் பெட்டியில் இருக்கும்?

அந்த அறையில் பன்னிரண்டு நாற்காலிகள். இத்தனை நாளில் வேறு யாரும் வந்து நான் பார்க்கவில்லை. மதியம் வேப்ப மரத்தடியில் புளிசாதம் சாப்பிட்டேன். காளியண்ணனும் டப்பாவோடு வந்து அடுத்த பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பக்கம் பார்த்துச் சாப்பிட்டார்.

20 செப்டம்பர், வெள்ளி

எண்பதாம் வருட டைரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எண்பத்திரண்டைக் கேட்டேன். காளியண்ணன் சீட்டைப் பார்த்தார்.

"நடுவுல எண்பத்தொண்ணை உட்டுப்போட்டீங்களேம்மா."

அதை அப்புறம் பார்க்கிறேன் என்றேன். அவர் சீட்டை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

எண்பத்திரண்டிலும் பல் டாக்டர்தான்.

22 செப்டம்பர், ஞாயிறு

காலைப் பூசைக்குப் போனேன். முழங்கால் வலியில் மண்டியிட முடியவில்லை. திரும்பும்போது பிலோமினா வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றியது. அவள் இறந்து மூன்று வருடமாகிறது. சில நாள் இப்படி மறந்துவிடுகிறது. எக்ஸ்சேஞ்சில் எனக்குப் பக்கத்து போர்டு அவள். என் விஷயம் முழுக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆக, இப்போது யாருக்கும் தெரியாது.

24 செப்டம்பர், செவ்வாய்

நான் கேட்காமலே காளியண்ணன் எண்பத்தொன்றாம் வருடத்துப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்திருந்தார். எப்படியும் கேட்பீர்கள், ஏணி போட்டு ஏறும் வேலை ஒரே தடவையில் முடியட்டும் என்று எடுத்தேன் என்றார்.

மூடியைத் திறக்கவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தலை சுற்றவில்லை.

30 செப்டம்பர், திங்கள்

பார்த்துவிட்டேன்.

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒரே ஒரு நாள். 1981 ஆகஸ்ட் 18, செவ்வாய்க்கிழமை. அன்று அவர் பம்பாயில் இருந்தார். பதினேழு முதல் இருபது வரை பம்பாய் என்று என்னிடம் முன்னாலேயே சொல்லியிருந்தார். அன்று காலை நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அவர் வீட்டு எண்ணை எத்தனையோ ஆயிரம் தடவை வேலைக்காகச் சுற்றியிருக்கிறேன். எனக்காகச் சுற்றியது அன்று ஒரு தடவைதான். ஒரு பெண் எடுத்தாள். அப்பா பம்பாய் போயிருக்கிறார் என்றாள். சரி என்று வைத்துவிட்டேன்.

டைரியில் அந்த நான்கு நாளுக்கும் 'பம்பாய்' என்று எழுதி, குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறது. கீழே பென்சிலில், 'ரத்து. வீட்டில்.'

பதினெட்டாம் தேதிக்கு நேராகத் தனியாக ஒரு வரி. 'வீட்டில். எங்கும் போகவில்லை.'

அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலரை மணிக்குக் காளியண்ணன் வந்து, மூடப் போகிறோம் என்று மெதுவாகச் சொன்னார்.

1 அக்டோபர், செவ்வாய்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

3 அக்டோபர், வியாழன்

அந்த ஆகஸ்ட் மாதத் தொழில் கடிதங்களைக் கேட்டு வாங்கினேன். ஒருவேளை கடைசி நிமிடத்தில் கிளம்பிப் போயிருக்கலாம். டைரியில் திருத்த மறந்திருக்கலாம். அவ்வளவு கவனமான மனிதர் மறக்க மாட்டார் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

ஆகஸ்ட் 22 தேதியிட்ட கடிதத்தின் கார்பன் நகல். பம்பாய் ஏஜெண்டுக்குத் தட்டச்சு செய்தது. முதல் பக்கம் முழுக்க ஏதோ மில் பங்குகள் பற்றி. இந்த வாரம் உடம்பு சரியில்லாததால் வர இயலவில்லை, மன்னிக்கவும் என்று இருந்தது. கடைசியில் ஒரு வரி. அடுத்த வாரம் அங்கிருந்து கோவை வரும் நம் ஆளிடம் மாகிம் அல்வா இரண்டு பெட்டி கொடுத்தனுப்பவும்.

செப்டம்பர் மூன்றாம் தேதி அவர் வந்தபோது அந்த அல்வாவைக் கொண்டுவந்தார். தாள் தாளாக இருக்கும், நடுவில் மெழுகுத்தாள். பம்பாயிலிருந்து உனக்காக வாங்கினேன் என்றார். அப்போது எனக்கு நிற்கவே தெம்பில்லை. கட்டிலில் சாய்ந்தபடி வாங்கிக்கொண்டேன். அவர் உரித்து உரித்துக் கொடுத்தார். நான் தின்றேன். நன்றாக இருக்கிறது என்று கூடச் சொன்னேன்.

நகலை இருந்த இடத்திலேயே வைத்துக் கட்டைக் கட்டினேன். முடிச்சு சரியாக விழவில்லை. காளியண்ணன் வந்து கட்டிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் நான் கதவு திறந்தேன். கோபம் என்று சொல்ல முடியவில்லை. யாரிடம் படுவது?

7 அக்டோபர், திங்கள்

ஆயுத பூசை. பக்கத்து ஒர்க் ஷாப்பிலிருந்து பொரியும் சுண்டலும் கொடுத்தனுப்பினார்கள். இரண்டு நாளுக்கு அதுவே போதும்.

10 அக்டோபர், வியாழன்

இனி வரப் போவதில்லை என்று சொல்லி நூலக அட்டையைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காளியண்ணனிடம் இதுவரை எடுத்துக் கொடுத்ததற்கெல்லாம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே ஓர் அம்மாள், புதிதாகக் கொண்டுவந்த ஒரு பெட்டியை மேசையில் இறக்கி வைத்துவிட்டு எனக்கு முதுகு காட்டி நின்றார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே திரும்பினார். சென்னியப்பனின் நெற்றி அப்படியே அந்த அம்மாளுக்கு இருந்தது. பத்மினி. 

"ஏனுங்க, நீங்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தீங்களா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"உங்க குரல் எனக்குத் தெரியுமுங்க. நான் சின்னப் புள்ளைல இருந்து கேட்ட குரல்."

என் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். அவருக்கு ஐம்பத்தேழு வயது இருக்கும். விரல் நுனியில் புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார். காகிதங்களைக் கல்லூரிக்குக் கொடுப்பதற்கு முன்னால், என்னைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று நூற்றுப் பதினான்கு பெட்டியையும் தானே உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார். ஒன்றும் கிடைக்கவில்லையாம். எனக்கும்தான் என்றேன்.

அப்புறம் சொன்னார்.

"எனக்குப் பத்தொம்பது வயசு. லீவுக்கு வந்திருந்தேன். போன் அடிச்சுது, நீங்க பேசினீங்க. எப்பவும் பேசற மாதிரி இல்ல. மூச்சு வாங்குச்சு. அப்பா பக்கத்துலயேதான் நின்னாங்க. எக்ஸ்சேஞ்சுக்காரம்மான்னு வாயசைச்சேன். இல்லைன்னு சொல்லுன்னு கைய ஆட்டினாங்க. பம்பாய் போயிருக்காங்கன்னு நான்தானுங்க சொன்னேன்."

தலைப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் அப்பா அன்னிக்குச் சாப்பிடலீங்க. அறைக் கதவைச் சாத்திட்டாங்க. நீங்க எதுக்குக் கூப்பிட்டீங்கன்னு முப்பத்தெட்டு வருசமா யோசிச்சிட்டே இருக்கேன். அம்மா இருக்கற வரைக்கும் யாரையும் கேக்க முடியல."

அவர் சாப்பிடவில்லை என்பதை ஆறுதலுக்குச் சொன்னாரா, இல்லை நடந்தது அது என்பதால் சொன்னாரா, தெரியவில்லை. எனக்கு அது எதையும் குறைக்கவில்லை. ஆனால் அந்தப் பத்தொன்பது வயதுக் குரல் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதற்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

பிலோமினாவைத் தவிர யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். ஏழாம் மாதத்தில் வலி வந்தது. ஆபீசில் மஞ்சள் காமாலை என்று லீவு போட்டிருந்தேன். அவருக்குத் தெரியும். பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்லியிருந்தார். குழந்தை காலை எட்டரைக்குப் பிறந்து பதினொரு மணி வரை இருந்தது. அவர் ஊருக்குள்ளேயே வீட்டில்தான் இருந்தார், ஓடி வந்திருக்கலாம் என்று இப்போது தெரிகிறது. அன்று பம்பாய் என்று நினைத்ததால் வருத்தம் மட்டும்தான் இருந்தது.

"தகப்பன் வந்து ஒரு தடவை பாக்கட்டும்னு கூப்பிட்டேன்மா. வேற எதுக்கும் இல்ல" என்றேன்.

பத்மினி எழுந்தார். ஏதோ சொல்ல வாய் திறந்தார்.  கார் நிற்கும் பக்கம் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பி வரவில்லை.

காளியண்ணன் என் பையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். ஆட்டோ கூப்பிடட்டுமா என்று மட்டும் கேட்டார்.

12 அக்டோபர், சனி

சொல்லியிருக்கக் கூடாது. அவளுக்கு அப்பா. மிளகு போட்டு வெந்நீர் குடி என்று எழுதிய அப்பா.

18 அக்டோபர், வெள்ளி

மழை. சமையலறை ஓரத்தில் ஒழுகுகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்கிறார். வாளி வைத்திருக்கிறேன்.

நூலகம் போவதில்லை. காலையில் பத்து மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவை ஒழித்து அடுக்கினேன். மறுபடி பழையபடியே அடுக்கிவிட்டேன்.

27 அக்டோபர், ஞாயிறு

தீபாவளி. மாடி வீட்டிலிருந்து முறுக்கு வந்தது. பூசையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் பட்டாசுக் காகிதம். இன்று யாரோடும் ஐந்து வார்த்தைக்கு மேல் பேசவில்லை என்பது சாயங்காலம்தான் உறைத்தது. முறுக்குக்கு நன்றி சொன்னதையும் சேர்த்து நாலு.

31 அக்டோபர், வியாழன்

பென்ஷனுக்கு உயிரோடிருக்கும் சான்று தர நாளை முதல் போகலாம். மெழுகுவத்தி ஒரு கட்டு வாங்கினேன்.

2 நவம்பர், சனி

இன்று கல்லறைத் திருநாள். வருடந்தோறும் போவேன். கல்லறைத் தோட்டத்தின் பின்சுவரை ஒட்டிக் குழந்தைகளைப் புதைத்த இடம் இருக்கிறது. கல், பெயர் எதுவும் கிடையாது. பிலோமினாவும் அவள் அண்ணனும்தான் அன்று கொண்டுபோனார்கள். நான் கட்டிலில் இருந்தேன். சுவரோரம் வேலாமரத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் என்று அவள் கையைக் காட்டிச் சொன்னாள். மரம் எப்போதோ விழுந்துவிட்டது. குத்துமதிப்பாக ஓர் இடத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவேன்.

நாலு மணிக்குப் பூட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், தெருவில் பத்மினி. காரை எங்கோ விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார். முகம் வேர்த்திருந்தது. காளியண்ணனைக் கெஞ்சி என் படிவத்திலிருந்து முகவரி வாங்கியதாகச் சொன்னார். அன்று எழுந்து போனதற்கு மன்னிப்புக் கேட்டார். நான் உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. வாசற்படியில் ஒரு கையை வைத்து நின்றார்.

"அன்னிக்கே கேட்டிருக்கோணும். வாய் வரலீங்க."

கேளுங்கள் என்றேன்.

"அது எனக்குத் தம்பிங்களா, தங்கச்சிங்களா?"

 குழந்தை என்றுதான் நானும் பிலோமினாவும் சொல்லிக்கொண்டிருந்தோம். அவனுக்கு அப்படி ஓர் உறவு இருந்தது என்று நான் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

"தம்பி" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். திரும்பத் திரும்ப ஆட்டிக்கொண்டே இருந்தார்.

நான் எங்கே கிளம்பினேன் என்று சொன்னேன். கூட வரலாமா என்றார். காரில் போனோம். பூக்கடையில் இறங்கிச் சாமந்தி வாங்கினார், நாலு முழம் போதும் என்றாலும் கேட்காமல் ஒரு கூடை நிறைய. தோட்டத்தில் நல்ல கூட்டம். எல்லாக் கல்லறையிலும் ஆட்கள் உட்கார்ந்து செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பின்சுவர் பக்கம் எப்போதும் போல யாருமில்லை.

இடம் சரியாகத் தெரியாது என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். அவர் சுவர் நெடுகப் பார்த்தார். பிறகு அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பூவை வைத்துக்கொண்டே வந்தார். குனிந்து குனிந்து வைத்ததில் புடவைக் கரையெல்லாம் சேறு.

மெழுகுவத்தி ஏற்ற அவருக்குத் தெரியவில்லை. அடியை உருக்கி ஊன்ற வேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். காற்றில் இரண்டு தடவை அணைந்தது. மூன்றாவது தடவை நின்றது.

பெயர் வைத்தீர்களா என்று கேட்டார். நர்சம்மா அவசரமாகத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தபோது பெயர் கேட்டார், வாயில் வந்ததைச் சொன்னேன், என் அப்பா பெயர், செபாஸ்டியன் என்றேன்.

பத்மினி தரையைப் பார்த்தபடி அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். நாக்கு புரளவில்லை. மறுபடி, சத்தமாக, "செபாஸ்டியன்" என்றார்.

அவனுடைய பெயராக அதை, அந்த நர்சம்மாவுக்குப் பிறகு, வேறொருவர் குரலில் நான் கேட்டது இன்றுதான்.